உடலினுள் வைக்கும் பொருளும் தொழிற்றூய்மையும்



இவ்வுடலைக் கோயிலாகக் கண்டவர் திருமூல நாயனார். அக்கோயிலிலே பழுதுற்ற உறுப்புக்குப் பதிலாக, மனிதன் செய்த பொருளை இன்று வைத்தியர்கள் வைக்கின்றார்கள். அது நன்மை தருமா, தீமை தருமா என்பதை இரண்டு காரியங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, எதனாற் செய்யப்பட்டது என்பது. மற்றது, எவ்வாறு செய்யப்பட்டது என்பது.

இரண்டாம் உலகயுத்த காலத்திலே விமானிகள் சிலரின் கண்ணுள் விமானக் கூண்டின் அக்கிரிலிக் சில்லுகள் புகுந்தன. அவை கண்ணை வருத்தாமற் கிடந்ததை ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கில வைத்தியர் கவனித்தார். அதே இனத்துப் பொருளை மேலும் தூய்மையாக்கி வில்லை செய்வித்து, 1949இல் இலண்டனிலே கண்புரை நோயாளியொருவரின் கண்ணுள் வைத்தார். உடல் ஏற்கும் பொருளைக் கண்டறிந்தமையே அவ்வெற்றிக்கு மூலம்.

நற்பொருள் மட்டும் போதுமோ? போதாது. 1979 முதல் 1986 வரை விற்கப்பட்ட பியோர்க்-ஷைலி செயற்கை இருதய வால்வின் ஒரு வகையைப் பார்ப்போம். அதன் வளையம் கோபால்ற்றுக் கலப்புலோகம். உள்ளே அசையும் தட்டு விசேட கரியினால் ஆனது. இரண்டும் உடலுக்கு ஏற்றனவே. ஆனால், தட்டைத் தாங்கும் சிறு கம்பியொன்று வளையத்துடன் உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. இருதயமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை துடிப்பது. ஓயாது தட்டு மோத மோதச் சில வால்வுகளில் அக்கம்பி முறிந்தது, தட்டு கழன்றது. பொருத்தப்பட்டவை ஏறக்குறைய 86,000. முறிந்தவை 600க்கு மேல். முறிவுக்கு ஆளானவர்களிற் பெரும்பாலோர் மாண்டனர். மற்றையோர் நிலையும் எளிதன்று. மார்பைத் திறந்து வால்வை மாற்றுவதும் ஆபத்து, வாளாவிருப்பதும் ஆபத்து. பின்னர், வளையமும் கம்பியும் ஒரே உலோகத்துண்டிற் கடையப்பட்ட வால்வு வந்தது. ஒட்டு நீங்கவே அக்குறையும் நீங்கிற்று.

இளைஞர்களே! நாளை பொறியியலாளராகவும் பட்டறைத் தொழிலாளராகவும் வரப்போகின்றவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். யாரும் காணாத ஒட்டிலும் நேர்மை வேண்டும். அதன்மீது ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.

பெரியோர்களே! உடலினுள் ஏதேனும் பொருத்தப்பட்டிருப்பின், அதன் பெயரும் இலக்கமும் திகதியும் எழுதிய அட்டையைக் கேட்டுப் பெற்றுப் பேணுவோம். ஒரு வகையிற் பழுதுண்டென்று அறிவிக்கப்படும் நாளில், நம் உடலில் இருப்பது அதுவோ அன்றோ என்று சொல்ல வல்லது அவ்வட்டையே.