மங்கிய ஒளியும் அறிவின் கண்ணும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூரியனை ஒத்த விண்மீன் தன் இறுதிக் காலத்தில் பெருத்து, மேலடுக்குகளை வெளியே வீசுகின்றது. எஞ்சிய உள்ளகத்தின் புறஊதாக் கதிர்கள் அவ்வாயுவை ஒளிரச் செய்கின்றன. இதுவே கோள்வடிவ நெபுலா. அக்காலத் தொலைநோக்கியில் கோள்போல் தோன்றியதால் வந்த பெயரேயன்றி, கோளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவற்றுட் பல மிக மங்கலானவை. நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. ஒளிப்படக் கருவியோ நெடுநேரம் திறந்திருந்து துளித்துளியாய்ச் சேர்க்கும். ஆக்சிஜனின் பச்சை ஒளியையும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியையும் மட்டும் விடும் வடிப்பான்களை இட்டால், பின்புல வெளிச்சம் குறைந்து நெபுலா துலங்கும்.

அப்பச்சை ஒளியை 1864இல் ஹக்கின்ஸ் கண்டார். அறியாத தனிமம் ஒன்றின் ஒளி எனக் கருதி அதற்கு 'நெபுலியம்' என்று பெயரும் இட்டனர். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அது என்று 1927இல் போவன் விளக்கினார். காண்பதற்கும் உணர்வதற்கும் இடையே 63 ஆண்டுகள்!

நம் நாட்டின் பங்கும் உண்டு. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியால், என்.ஜி.சி. 40 என்னும் நெபுலாவைச் சூழ்ந்த ஒளிவட்டத்தைப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காமேசுவர ராவ் குழுவினர் கண்டு 2018இல் வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் தமிழகத்துக் காவலூரிலேயே உள்ளது.

இவை நமக்கு எட்டுமா என ஐயுறுவோர்க்கு மேகநாத் சாகாவைச் சொல்வேன். டாக்காவிற்கு அருகே ஒரு சிற்றூரில், சிறுகடைக்காரரின் மகனாய் 1893இல் பிறந்தவர். சாதியின் பெயரால், கல்கத்தா மாணவர் விடுதியில் உடனுண்ண மறுக்கப்பட்டவர். 1920இல் அவர் தந்த அயனியாதல் சமன்பாடே, விண்மீன் ஒளியைப் படித்து அதன் வெப்பநிலையை அறிய உலகிற்கு வழி காட்டிற்று. பந்தியில் விலக்கியவர்கள் பாடநூலிலிருந்து அவரை விலக்க முடியவில்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லிலும் நம் உடலிலும் உள்ள கரியில் ஒரு பகுதி, இத்தகைய விண்மீன்கள் ஆக்கி வீசியதே. அக்கரிக்கு மேற்குலமும் இல்லை, கீழ்க்குலமும் இல்லை.

ஆதலின் பெற்றோர்களே, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்மக்களுக்கு, ஆகாது என்று தடுக்காதீர்கள். மங்கிய ஒளியும் பொறுமையோடு சேர்த்தால் உருவம் பெறும், கல்வியும் அவ்வாறே.