பிள்ளைகளுக்கு ஒரு பருத்திப் போர்வை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீட்டு பீரோக்களில், கட்டாமல் மடித்து வைத்த பருத்திச் சேலை நாலைந்தாவது இருக்கும். அவற்றைக் கொண்டு நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று கேட்கவே உங்கள் முன் நிற்கிறேன்.

"ஆஸ்பத்திரியிலேயே போர்வை இருக்குமே?" என்பீர்கள். இருக்கும். ஆனால் அது கட்டிலுக்குச் சொந்தம். பிள்ளை வீடு திரும்பினால் சலவைக்குப் போய்விடும். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையோ இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். ஊசிக்கும் குழாய்க்கும் நடுவில், 'இது என்னுடையது' என்று பிடித்துக்கொள்ள ஒரு துணி இருந்தால் அந்த வயதுக்கு அது பெரிய ஆறுதல்.

இது புதிய யோசனை அல்ல. கீமோதெரபி நாட்கள் முழுவதும் தன் போர்வையை விடாமல் வைத்திருந்த ஒரு சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்து, 1995இல் அமெரிக்காவில் கேரன் லௌக்ஸ் என்ற பெண் தொடங்கியதுதான் 'புராஜெக்ட் லைனஸ்' அமைப்பு. நம் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர், 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை பின்னி கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

நம் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி போதும். பட்டாசு ஆலைக்குள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது நாரணாபுரத்தில் யாருக்கும் புதிதல்ல. பாலியஸ்டரில் நிலைமின்சாரம் உண்டாகும். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்த விதியையே போர்வைக்கும் வைத்துக்கொள்வோம். நைலான், பாலியஸ்டர் கலந்த சேலை எதுவும் வேண்டாம்.

தைப்பதும் எளிது. ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் நான்காக மடித்தால் ஏறக்குறைய 1.35 மீட்டர் நீளத்தில் நாலு அடுக்கு கிடைக்கும். உள்ளே பஞ்சு வைக்கத் தேவையில்லை. ஓரம் மடித்து அடித்து, நடுவில் சாண் இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டால் போர்வை தயார். துவைத்தால் நம் வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பொத்தான், பாசி, ஜிகினா, தொங்கும் நூல் கூடாது. தைத்த பிறகு கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, புதுப் பையில் போட்டு மூட வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தூக்கத்தில் முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். ஆறாத தீக்காயத்தின் மேல் நம் துணி படவே கூடாது. புற்றுநோய்ப் பிரிவில் தொற்று பயம் அதிகம் என்பதால், அங்கே புதுத் துணி மட்டுமே கேட்கலாம். ஆகவே முதல் வேலை தைப்பது அல்ல. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், எதை ஏற்பார்கள், எத்தனை வேண்டும் என்று கேட்டு வருவதுதான்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். நம் பகுதியில் வெடி விபத்து நடந்தால் அன்றைக்கு நாம் எல்லோரும் ஓடுகிறோம், பணம் திரட்டுகிறோம். பத்து நாளில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். தீக்காயம் ஆறவோ மாதக்கணக்கு ஆகும். ஆறிய தோலிலும் அரிப்பு விடாது. சொரசொரப்பான துணி பட்டால் பிள்ளை துடிக்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன சேலை அந்தத் தோலுக்கு இதம். மருத்துவர் சம்மதித்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். பத்து நாளுக்குப் பிறகும் நமக்கு அவர்கள் நினைவு இருக்கிறது என்று சொல்ல இது ஒரு வழி.

சேலை கொடுக்க விரும்புவோர், தைக்கத் தெரிந்தோர், தையல் மெஷின் வைத்திருப்போர், மருத்துவமனைக்கு வண்டியில் போய்வர முடிந்தோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஆண்களுக்கும் ஊசியில் நூல் கோக்க வரும். பத்துப் போர்வையில் தொடங்குவோம்.