விதைநெல்லும் சொல்லும்
(உழவர் திருநாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அயற்சொல்லை வாயிலிருந்து விலக்கிவிட்டோம் என்று மார்தட்டுகிறோம். அதே வாய்க்குள் போவது எது என்று எண்ணிப் பார்த்தோமா? இங்கு வரும் வழியில் ஓர் அரிசிக் கடையில் நின்றேன். மூட்டைக்கு மூட்டை 'பொன்னி' என்றிருந்தது. காவிரியின் பெயர்; கேட்கவே இனிக்கிறது. ஆனால் 1986ஆம் ஆண்டு நம் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவில் உருவான மாசூரி நெல்லின் வழிவந்தது. அயல்நாட்டு நெல் என்பதற்காக அதைப் பழிக்க நான் வரவில்லை. நம் நெல் எங்கே என்று கேட்கவே வந்தேன்.

காட்டுயானம் என்றொரு நெல். யானையையும் மறைக்குமளவு ஓங்கி வளர்வதால் அப்பெயர் என்பர் உழவர். வயலில் வெள்ளம் தேங்கினாலும் தலைநிமிர்ந்து நிற்கும். அறுபதாம் குறுவை எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்பதை அதன் பெயரே சொல்லிவிடும். குழியடிச்சான் கடலோர உவர்நிலத்திலும் விளையும். ஐ.ஆர்.8 என்பதிலோ என்ன அறிகிறோம்? சிறைப்பட்டவன் மார்பில் தொங்கும் எண் போல ஓர் எண்!

அந்த நெல் 1966இல் பிலிப்பைன்சு நாட்டு நெல்லாய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. நேர்மையாகச் சொல்வோம்: அன்று நாட்டில் பசி இருந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசித் தட்டுப்பாடே பெரும் பேச்சாயிற்று. குட்டை நெல் மணியை மிகுதியாகத் தந்ததும் உண்மை. ஆயின், அது உப்புரமும் நீரும் கேட்டது. நெட்டை நெல் உப்புரத்தில் கொழுத்தால் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது. எனவே, அளவின்றிக் கொட்டினோம். கொழுத்த பயிரைத் தேடிப் பூச்சி வந்தது. பூச்சியைத் தேடி நஞ்சு வந்தது. வயல் நண்டும் நத்தையும் தவளையும் மடிந்தன. வைக்கோல் குட்டையாயிற்று; மாட்டுக்குத் தீனி குறைந்தது; மாடு போகவே எருவும் போயிற்று; மீண்டும் உப்புர மூட்டையையே நாடினோம்.

இந்நிலை கண்டு செயலில் இறங்கியவர், நம்மாழ்வார் வழிநின்ற நெல் செயராமன். 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை, விலையின்றி. மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவே. நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை இவ்வாறு மீட்டார். 2018 இறுதியில் நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

தோழர்களே, வழக்கொழிந்த சொல்லை அகரமுதலியில் எழுதி வைத்துப் பின்னொரு நாள் எடுத்தாளலாம். நெல்லை அப்படி வைக்க இயலாது. குதிரில் கிடக்கும் விதைநெல் சில ஆண்டுகளிலேயே முளைப்புத்திறன் இழந்துவிடும். ஆண்டுதோறும் விதைத்தால்தான் அது உண்டு. விதைத்ததை வாங்க ஆளில்லையேல், உழவர் எத்தனை பருவம் விதைப்பார்? நிலமில்லாதவர் வாங்கி உண்ணுங்கள். விலை கூடுதல்தான், கிழமைக்கு ஒரு நாளேனும் உலையில் ஏறட்டும். என் வீட்டில் மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றை முதல் நாள் பிள்ளைகள் ஒதுக்கிவிட்டனர். அரிசியை முதல்நாள் இரவே ஊறவைக்காதது என் பிழை. இப்பொழுது கேட்டு உண்கின்றனர்.

வாயிலருகே சாக்கில் பூங்கார் விதை இருக்கிறது. ஏறத்தாழ எண்பது நாளில் விளைவது. நிலமுள்ளவர்கள் பெயரையும் ஊரையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு இரண்டு கிலோ எடுத்துச் செல்லுங்கள். அடுத்த தைக்கு நான்கு கிலோவோடு வாருங்கள்.