வழக்கு எண் கையில் இருக்கட்டும்



காஞ்சிபுரத்தில் காவல்துறைகூட ஊரைச் சிவனுக்கும் பெருமாளுக்கும் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஏகாம்பரநாதர் பக்கம் சங்கிலி பறிபோனால் சிவகாஞ்சி காவல் நிலையம். வரதராஜப் பெருமாள் பக்கம் பறிபோனால் விஷ்ணுகாஞ்சி. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் காஞ்சி தாலுகா நிலையம். திருடுகிறவனுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. புகார் கொடுக்கப் போகிறவருக்குத்தான், "அது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதிலில் அது புரியவரும். இனி அந்தப் பதில் செல்லாது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாங்கிப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். தறிக்குப் பக்கத்தில் வைத்திருந்த சரிகை நாலைந்து மார்க் இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. ஒரு மார்க் என்பது ஏறக்குறைய 240 கிராம். பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசிய சரக்கு. இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் உண்டு. கூலிக்கு நெய்கிற வீட்டில் இருக்கும் பாவும் சரிகையும் பெரும்பாலும் நெசவாளருக்குச் சொந்தமில்லை. முதலாளி கொடுத்தது, அல்லது சங்கம் கொடுத்தது. ஆக, திருட்டுக் கொடுத்தவரே அடுத்த நாள் காலை முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். "உண்மையிலேயே திருடு போச்சா, நீயே வித்துட்டியா?" என்ற கேள்வி முதலாளி வாயில் வராவிட்டாலும் கண்ணில் வந்துவிடும். அந்த மனிதருக்குத் திருடன் பிடிபடுவதற்கு முன்னாலேயே தேவைப்படுவது ஒரு காகிதம்.

நிலையத்தில் முதலில் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீதுதான். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அது எப்.ஐ.ஆர். ஆகிவிடாது. பலர் ரசீதை வாங்கிக்கொண்டு வழக்கு போட்டாயிற்று என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வீட்டுத் திருட்டு போன்ற, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரே காட்டினால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. அதன் நகலைப் புகார்தாரருக்குக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். நகலில் ஒரு குற்ற எண்ணும் ஆண்டும் இருக்கும். நம் நெசவாளர் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது அதைத்தான்.

பிறகு எஸ்.ஐ. வீட்டுக்கு வருவார். பூட்டு, சன்னல், ஓடு என்று பார்த்துப் பார்வை மகசர் எழுதி, மாதிரி வரைபடம் போட்டு, அக்கம்பக்கத்தார் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார். கைரேகைக்காரர்கள் வரலாம், வராமலும் போகலாம். இப்போதெல்லாம் முதல் வேலை தெருமுனைக் கடையின் சி.சி.டி.வி.யைப் பார்ப்பதுதான். அனுபவப்பட்ட குற்றப்பிரிவு ஏட்டு அதோடு நிற்க மாட்டார். அடகுக்கடைக்கும், பழைய சேலை வாங்கி எரித்து வெள்ளி எடுக்கிறவர்களிடமும் போவார். பட்டு ஊரில் திருட்டுச் சரிகை எங்கே போய்க் கரையும் என்பது புத்தகத்தில் இருக்காது, ஏட்டின் காலில்தான் இருக்கும்.

இதுவரைக்கும் புலனாய்வு. இனிமேல்தான் என் குறை. இரண்டு மாதம் கழித்து நெசவாளர் போய்க் கேட்டால், "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பார்கள். அதே நேரத்தில் வேறொரு வழக்கில் ஆள் சிக்கினால், மேசைமேல் நகையைப் பரப்பி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்க, மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும். ஊருக்குச் சொல்வதில் காட்டுகிற சுறுசுறுப்பு, பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வதில் இல்லை. சட்டமோ, பேப்பருக்குச் சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லத்தான் கட்டாயப்படுத்துகிறது. புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. செல்பேசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால்கூடப் போதும்.

ஊருக்கு மட்டும் சொல்லிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. 2004 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை, வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11, தீபாவளி இரவு, அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகரில், அந்தக் கொலை வழக்கில், சங்கர மடத்தின் தலைவர் ஜெயேந்திர சரசுவதி கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு இந்த ஊர் தூங்கவில்லை. யார் யாரிடம் எத்தனை முறை தொலைபேசியில் பேசினார், காவலில் யார் என்ன ஒப்புக்கொண்டார் என்று விசாரணை அறைக்குள் இருக்க வேண்டியதெல்லாம் தினமும் செய்தியாக வந்தது. ரங்கசாமி குளத்து டீக்கடையில் குற்றப்பத்திரிகை தயாராகிவிட்டது. நீதிமன்றத்தில்தான் இன்னும் தாக்கலாகவில்லை. 2005 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் ஜெயேந்திரருக்கு ஜாமீன் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், நியாயமான விசாரணை தமிழ்நாட்டில் நடக்குமா என்ற ஐயத்தில் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. அங்கே 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 83 பேர் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27-ல் குற்றம் சாட்டப்பட்டு மிஞ்சியிருந்த 23 பேரும் விடுதலையானார்கள்.

சாட்சிகள் பிறழ்ந்ததற்குச் செய்திகள்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஊருக்கு முதல் இரண்டு மாதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இறந்தவரின் குடும்பமோ ஒன்பது வருடம் காத்திருந்தது. கொன்றது யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பிலும் அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை.

காவல்துறை பத்திரிகையாளர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று விரிவான வழிகாட்டி தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. இந்த ஊர்க்காரனாக எனக்குத் தோன்றியது, இருபது வருடம் பிந்திவிட்டது என்பதுதான்.

ஊருக்குச் சொல்லவே கூடாது என்றும் நான் வாதாடவில்லை. வைகாசி கருட சேவையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கழுத்து நகையைச் சேலையால மூடிக்கோங்கம்மா" என்று தொண்டை வறளக் கத்துகிற காவலர் செய்வது நல்ல வேலை. 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது, கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்து வைத்ததும் இந்த ஒலிபெருக்கிதான். காந்தி ரோட்டில் வெளியூர்க் காரைத் துரத்தி, "சார், பட்டுச்சேலை, நேரா தறியிலேருந்து" என்று மறிக்கிற புரோக்கர்களைப் பற்றிப் பேருந்து நிலையத்தில் பெரிதாக ஒரு பலகை வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். எச்சரிப்பது வேறு. நிரூபிக்காத குற்றத்தை நிரூபித்ததுபோல அறிவிப்பது வேறு.

மக்களையும் காவலர்களையும் பேசவைக்க ஒரு முயற்சி நடந்தது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்த பிரதீப் வி. பிலிப், அப்போது காஞ்சிபுரத்தில் உதவிக் கண்காணிப்பாளர். பிழைத்து எழுந்து, 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்தபோது 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்கள் ரோந்துக்குத் துணை போவார்கள், தகவல் கொண்டுவருவார்கள், கொண்டுபோவார்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்ததற்குப் பிறகு அந்த அமைப்பைத் தமிழக அரசு தடை செய்தது. லத்தி பிடித்துப் பார்க்கிற ஆசை அந்த இளைஞர்களில் சிலருக்கு வந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதோடு, நிலையத்துக்குள் கூச்சமில்லாமல் போய்வருகிற ஊர்க்காரர் என்ற ஒரு வழியும் அடைபட்டது.

புகாரை வாங்கவே மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஏகாம்பரநாதர் கோயிலில் புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் சிலைக்கென்று பெற்ற தங்கம் எங்கே போனது என்று கேட்ட பக்தர் ஒருவர் நீதிமன்றப் படியேறினார். நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் 2017-ல் சிவகாஞ்சி நிலையம் வழக்குப் பதிவு செய்தது. பிறகு அது சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குப் போனது.

எப்.ஐ.ஆர். பதிவானால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடும்.

கடைசியாக, ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரும். துப்புத் துலங்கவில்லை, அல்லது புகாரில் முகாந்திரம் இல்லை என்று வழக்கை முடிக்கப் போகிறார்கள் என்பதற்கான அறிவிப்பு அது. ஏதோ கோர்ட் காகிதம் என்று பரணில் போட்டுவிடாதீர்கள். வழக்கை முடிக்கும் முன் புகார்தாரர் சொல்வதை மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் எழுதிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போங்கள். சட்ட உதவி மையத்தில் வழக்கறிஞர் கிடைப்பார். வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது.