எதிர் ஜன்னலுக்கும் நமக்கும் நடுவுல நாலு தொட்டி

இன்னைக்கு பேசப்போறது பால்கனியைப் பத்தி. குறிப்பா, பால்கனி இருந்தும் அதுல நிம்மதியா உட்கார முடியாதவங்களைப் பத்தி.

சென்னையில நான் இருக்கிற தெருவுல, எதிர் வீட்டு ஜன்னலுக்கும் எங்க கிரில்லுக்கும் நடுவுல பதினஞ்சு அடிகூட இல்ல. யார் மேலயும் தப்பு கிடையாது. அவங்க அவங்க வீட்டுல நிக்கிறாங்க, நாம நம்ம வீட்டுல நிக்கிறோம். ஆனா ஊர்ல திண்ணையில உட்கார்ந்தே பழகின எங்க அம்மா, இங்க வந்தா காலையிலேயே திரையை இழுத்து மூடிடுவாங்க. காத்து வாங்க ஒரு இடம் இல்லாம போயிடுது. வாடகை வீடு, சுவர்ல துளை போட முடியாது. பச்சை வலை கட்டினா வெளிச்சம் குறைஞ்சிடும். தொட்டிச் செடின்னா, வீடு மாறும்போது கூடவே எடுத்துட்டுப் போகலாம்.

நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பால்கனியில நாற்காலி போட்டு உட்காருங்க. எந்த ஜன்னல் உங்க கண்ணுக்குத் தெரியுதோ, அங்க இருந்துதான் உங்களையும் பார்க்க முடியும். அந்த நேர்கோட்டை மட்டும் மறைச்சா போதும். உட்கார்ந்தா நம்ம கண் தரையில இருந்து சுமார் நாலு அடி உயரத்துல இருக்கும். அதனால தொட்டியும் செடியும் சேர்ந்து அஞ்சு அடி இருந்தா பெரும்பாலும் சரியா வரும். எதிர்ல மேல் மாடியில இருந்து பார்க்கிறாங்கன்னா மட்டும் இன்னும் உயரம் வேணும். இன்னொரு விஷயம்: செடி நாற்காலிக்குக் கிட்ட இருந்தா, சின்னச் செடியே அதிகமா மறைக்கும்.

அடுத்தது வெயில். மேற்கு பார்த்த பால்கனின்னா செம்பருத்தி, நந்தியாவட்டை ரெண்டும் தாங்கும். சீக்கிரமா மறைக்கணும்னா சங்குப்பூ. விதையை ராத்திரி முழுக்க ஊறவெச்சு நட்டு, கிரில்ல நாலு கயிறு கட்டி ஏத்திவிட்டா, ரெண்டு மூணு மாசத்துல பச்சைத் திரை ரெடி. நேரடி வெயில் இல்லாத இடம்னா அரிகா பாம். அது மெதுவாத்தான் வளரும், அதனால வேண்டிய உயரத்துலயே வாங்கிடுங்க. உச்சி வெயில்ல வெச்சா இலை கருகிடும். அரளி அடர்த்தியா வளரும்தான். ஆனா அதோட எல்லாப் பாகமும் விஷம். குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டுல வேண்டவே வேண்டாம்.

இப்போ எடை. 25 லிட்டர் தொட்டி நிறைய செம்மண் போட்டு தண்ணி ஊத்தினா 40 கிலோகிட்ட வரும். கொஞ்சம் செம்மண்ணோட தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தா எடை நல்லா குறையும். வரிசையா பத்து தொட்டி வைக்கணும்னு ஆசைப்பட்டா, முதல்ல கட்டடத்தைப் பத்தித் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. பழைய கட்டடம்னா கட்டாயம் கேளுங்க.

தொட்டியை எப்பவும் தரையில வைங்க. கைப்பிடிச் சுவர் மேல வேண்டாம். 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னையில ஆயிரக்கணக்கான மரங்களையே சாய்ச்சுது. மூணாவது மாடியில இருந்து ஒரு தொட்டி விழுந்தா, கீழ நடந்து போறவங்க கதி என்ன? உயரமான செடியோட தண்டை கிரில்லோட சேர்த்துக் கட்டிடுங்க. புயல் எச்சரிக்கை வந்தா உள்ள எடுத்து வெச்சிடுங்க.

தட்டுல தேங்குற தண்ணியையும் மறக்காதீங்க. டெங்கு பரப்புற கொசு அந்த அளவு தண்ணியிலேயே முட்டை போட்டு, ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறந்துடும். வாரத்துக்கு ரெண்டு தடவை தட்டைக் கவிழ்த்து தேய்ச்சுக் கழுவுங்க.

கடைசியா ஒண்ணு. செடி பகல்லதான் நல்லா மறைக்கும். ராத்திரி உள்ள லைட் எரிஞ்சா, இலைகளுக்கு நடுவுல நம்ம உருவம் வெளியில தெரியும். அதனால திரையைக் கழட்டிடாதீங்க. பகல் முழுக்க அது திறந்திருந்தாலே வீட்டுக்குள்ள காத்து வந்துடும்.

முதல்ல ரெண்டு தொட்டியோட ஆரம்பிங்க. ஒரு மாசம் தண்ணி ஊத்திப் பார்த்துட்டு, மீதியை வாங்கிக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.