ஆறு சூழ்ந்த அயுத்தியா



ஆற்றங்கரையிலே அமைந்த பழம்பெரும் நகரங்கள் உலகிற் பல உள. அவற்றுட் சிலவற்றைத் தெருவழியே நடந்து பார்த்தல் போதும். வேறு சிலவோ நீர்வழியே சென்றாலன்றித் தம் உண்மை வடிவத்தைக் காட்டமாட்டா. அத்தகைய நகரம் ஒன்றினை, முன்னாளிற் சீயம் என வழங்கிய தாய்லாந்து நாட்டின் பழைய தலைநகரான அயுத்தியாவை, சிறு படகொன்றிலே சுற்றிவருவது பற்றி இன்று உங்களோடு பேச விழைகின்றேன். இலங்கையராகிய நமக்கு அந்த ஆற்றோடு ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. அது யாது என்பதைப் படகு அவ்விடத்தை அடையும்பொழுது காண்போம்.

பாங்கொக் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அயுத்தியா. உதோங் என்ற அரசன், இராமாதிபதி என்னும் பட்டப்பெயர் பூண்டு, 1350ஆம் ஆண்டளவில் இதனைத் தலைநகராக்கினான். இராமபிரானின் அயோத்தியே இந்நகரின் பெயருக்கு மூலம். சீயத்து அரசவைப் பிராமணர் தம் சடங்கொன்றிலே, மொழி திரிந்த நிலையில், நம் திருவெம்பாவையை ஓதிவந்தனர் என்பதனை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே, இராமன் பெயரும் தமிழ்ப் பாவையும் கடல்கடந்து சென்று குடியேறிய நாடு அது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறந்து விளங்கிய அத் தலைநகர், 1767ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பர்மியப் படையினரால் எரியூட்டப்பட்டது. எஞ்சிய இடிபாடுகள் 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

பெரும்பாலான பயணிகள் பாங்கொக்கிலிருந்து காலையிற் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ வந்து, வெயிலிலே நான்கைந்து கோயில்களைப் பார்த்து, மாலையிலே திரும்பிவிடுகின்றனர். அவர்கள் காண்பவை தலையிழந்த சிலைகளும் செங்கற் குவியல்களும். அவற்றைக் கண்டு இரங்கலாம்; ஆயினும், இந்நகர் ஏன் இவ்விடத்தில் எழுந்தது, எவ்வாறு வாழ்ந்தது என்பன விளங்கமாட்டா. பிற்பகல் நான்கு மணியளவிற் புறப்படும் படகிலே ஏறினால் அவை தாமே விளங்கும்.

அங்குள்ள படகு நீள்வாற் படகு எனப்படும். நீண்டு குறுகிய மரப்படகு. பின்புறத்தே மோட்டார் எஞ்சின். அதிலிருந்து நீண்டு செல்லும் இரும்புத் தண்டின் நுனியிலே சுழலும் விசிறி. அத்தண்டே வால். படகோட்டி அதனைத் தூக்கியும் திருப்பியும் படகைச் செலுத்துவான். ஆறு முதல் பத்துப் பேர் வரை அமரலாம். படகு முழுவதற்கும் கூலி பேசுவதாயின், சேர்ந்து செல்வோர் அதனைப் பகிர்ந்துகொள்ளலாம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நகரை ஒருமுறை வலம்வந்துவிடலாம். எஞ்சினின் ஓசை பெரிது. எனவே, கோயில்களை நெருங்கும்போது மெல்லச் செல்லுமாறு படகோட்டியிடம் முன்னரே சொல்லிவைத்தல் நன்று. நவம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள காலம் வெப்பம் தணிந்து பயணத்துக்கு உகந்ததாயிருக்கும். இறங்கும் இடங்கள் யாவும் வழிபாட்டிடங்களாதலால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

நகரின் வடகிழக்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுகின்றோம். கிழக்கிற் பாசக் ஆறு. மேற்கிலும் தெற்கிலும் சௌபிராயா. வடக்கில் லொப்புரி ஆற்றின் பழைய ஓட்டம். மூன்று ஆறுகள் தழுவிய நிலத்திலே, இடைவெளி இருந்த பக்கத்தில் அகழி வெட்டி இணைத்து, நகரைத் தீவாக்கிவிட்டனர் முன்னோர். கோட்டை கட்டுவோர் அகழி தோண்டுவதை நாம் அறிவோம். இங்கோ இயற்கை வகுத்த அகழிக்குள்ளே கோட்டையைக் கட்டினர். நிலப்படத்திலே இதனைப் பலமுறை பார்த்திருந்தாலும், படகு ஒவ்வொரு மூலையாகத் திரும்பும்போதுதான் இந்தத் தீவின் அமைப்பு மனத்திற் பதிகின்றது.

பாசக் ஆறு சௌபிராயாவோடு கலக்கும் தென்கிழக்கு மூலையில், எதிர்க்கரையிலே பனஞ்சோங் கோயில் தோன்றும். 1324ஆம் ஆண்டிலே, அஃதாவது நகர் தலைநகராவதற்கு முன்னரே, நிறுவப்பட்டது இது. உள்ளே 19 மீற்றர் உயரமான புத்தர் அமர்ந்த திருக்கோலத்தில் வீற்றிருக்கின்றார். சீனக் குடியினர் இவரிடத்துப் பெரும் பக்தி உடையவர். இன்றும் ஊதுவர்த்திப் புகைக்குக் குறைவில்லை. நகர் வீழுமுன் இச்சிலையின் கண்களிலிருந்து நீர் வழிந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, ஒரு நகரின் அழிவை அதன் மக்கள் எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்பதற்கு அது சான்று.

அக்கோயிற் படித்துறையில் நின்று தெற்கே நோக்குக. ஆறு கடலை நாடிச் செல்லும் திசை அது. கடற்கப்பல்கள் அவ்வழியேதான் வந்தன. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அதே ஆண்டில் இங்கே தூதனுப்பினர். பின்னர் ஆற்றின் மேற்கரையிற் குடியிருப்பும் தேவாலயமும் அமைத்தனர். எதிர்க்கரையில் யப்பானியர் வாழ்ந்தனர். அவர்களுள் யமடா நகமாசா என்பவர் சீய அரசவையிலே உயர்பதவி எய்தியவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒல்லாந்தக் கம்பனியார் மான்தோலையும் சாயமரத்தையும் வாங்கி ஏற்றுமதி செய்தனர். அவர்களுடைய பண்டகசாலை நின்ற இடத்திலே இன்று ஒரு நூதனசாலை உண்டு. ஒவ்வொரு சாதியாருக்கும் மன்னர் ஆற்றங்கரையில் இடம் அளித்தனர்; அவ்விடங்களிற் பெரும்பாலானவை மதிலுக்கு வெளியே இருந்தன. விருந்தினரை வரவேற்கவும், அதே வேளையில் எட்ட வைக்கவும் அறிந்திருந்தது அந்த அரசு.

இனிப் படகு மேற்கே திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்துச் செல்கின்றது. இடக்கையில், தென்கரையிலே, வெண்ணிறக் கோபுரம் ஒன்று எழும். அது உதோங் அரசன் 1353இல் எடுப்பித்த புத்தைசவன் கோயில். அப்பாற் சென்றால் அதே கரையில் ஒரு கத்தோலிக்க தேவாலயம். 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு மறைபரப்புவோர் நிறுவிய சூசையப்பர் ஆலயத்தின் வழித்தோன்றல் அது. இன்றுள்ள கட்டிடம் 19ஆம் நூற்றாண்டினது. முஸ்லிம் மக்களின் குடியிருப்புகளும் இப்பகுதியில் உள்ளன. ஒரே கரையில், சிறிது நேரப் பயணத்துள், பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களைக் காண்கின்றோம். ஆறு எல்லோரையும் ஏற்றுக்கொண்டது.

மேற்குக் கரையிலே, ஆறு வடக்கே வளையும் இடத்தில், இப்பயணத்தின் சிகரமான சைவத்தனாராம் கோயில் நிற்கின்றது. பெயரைக் கேட்டுச் சிவாலயம் என்று எண்ணவேண்டா. பௌத்த ஆராமமே அது. பிரசாத் தோங் என்ற மன்னன் 1630இல், தன் தாயின் நினைவாக எழுப்பியது. கெமேர் மரபில் அமைந்த நடுக்கோபுரம் 35 மீற்றர் உயரமானது. சோளக்கதிர் போன்ற வடிவினது. சுற்றிலும் சிறு கோபுரங்கள். மேருமலையும் அதனைச் சூழ்ந்த உலகங்களும் கல்லிலும் செங்கல்லிலும் வகுக்கப்பட்டிருக்கின்றன. திருச்சுற்றிலே வரிசை வரிசையாகப் புத்தர் சிலைகள். பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. அவற்றின் பின்னே நின்று தம் தலையைப் பொருத்திப் படம் எடுப்போர் உண்டு. அது அந்நாட்டாரின் மனத்தைப் புண்படுத்தும் செயலாகும். நம்மவர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். ஞாயிறு மறையும் வேளையில் ஆற்றின் நடுவே படகை நிறுத்தச் செய்து பார்த்தால், கோபுரங்கள் கருமையுற்று, வானம் செம்மையுற்று, இரண்டும் நீரிலே தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. இத்துணைக் காவலுடைய நகர் எவ்வாறு வீழ்ந்தது?

ஆண்டுதோறும் மழைக்காலத்தின் இறுதியில் இவ்வாறுகள் பெருகிச் சமவெளியை மூடும். அந்த வெள்ளமே விளைநிலத்துக்கு உரமும், நகருக்கு அரணும் ஆயிற்று. முற்றுகையிட வந்த பகைவர் வெள்ளம் வருமுன் வென்றாக வேண்டும்; இன்றேல் பாசறையை விட்டு விலகியாக வேண்டும். இந்த நம்பிக்கையிலே நகரத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆனால், 1766இல் வந்த பர்மியர் விலகவில்லை. மேட்டு நிலங்களிற் கரைகளை உயர்த்தினர், படகுகளைச் சேர்த்தனர், வெள்ளத்தின் நடுவேயே முற்றுகையைத் தொடர்ந்தனர். நீர் வடிந்தபோது பகைவர் அங்கேயே இருந்தனர். நகருக்குள்ளே உணவு இல்லை. ஏறத்தாழ பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் நகர் வீழ்ந்தது. அரண்மனையும் ஆலயங்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. ஒரே காவலை நம்பியிருக்கும் நகரத்துக்கு அந்த வரலாறு ஒரு பாடம். ஆற்றின் பெருக்கோ இன்றும் ஓயவில்லை; 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் நாம் மேலே கண்ட சைவத்தனாராமமும் நீரிலே நின்றது.

இனி நம் பழைய கணக்குக்கு வருவோம். படகு மேற்குக் கரையோரமாக வடக்கே செல்லும்போது தம்மாராம் என்னும் விகாரையைக் கடக்கும். பெரிய கோபுரங்கள் இன்மையால் பயணிகள் பலர் இதனை ஏறெடுத்தும் பாரார். இலங்கையர் இங்கே நிறுத்துமாறு சொல்லிவைத்தல் வேண்டும். ஏனெனில் உபாலி மகாதேரர் வாழ்ந்த இடம் இது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி இராச்சியத்திலே உபசம்பதை என்னும் முழுத் துறவுநிலையை வழங்கத் தகுதியுடைய பிக்குமார் இல்லாதொழிந்தனர். வெலிவிட்ட சரணங்கரரின் வேண்டுகோளை ஏற்று, மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1750இல் சீயத்துக்குத் தூதனுப்பினான். தூதர் திருகோணமலையிலிருந்து ஒல்லாந்தக் கப்பலிற் சென்றனர். இந்த ஆற்றின் வழியேதான் நகரை அடைந்தனர். சீய மன்னன் பரமகோசன் உபாலி தேரரையும் வேறு பிக்குமாரையும் அனுப்பிவைத்தான். அவர்கள் 1753இல் இலங்கையை அடைந்தனர். அதே ஆண்டிற் கண்டியிலே உபசம்பதை மீண்டும் நிறுவப்பட்டது. உபாலி தேரர் தாயகம் திரும்பவில்லை; 1756இற் கண்டியிலேயே மறைந்தார். இன்று மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களைத் தலைமையாகக் கொண்டு விளங்கும் சீய நிக்காயம் இவ்வாறு தோன்றியதே.

சீயர் இதனைக் கொடையாக மட்டும் கருதியிருக்கமாட்டார்; அவர்தம் தேரவாத மரபும் முற்காலத்தில் இலங்கையிலிருந்து சென்ற துறவு வழியாலே வலுப்பெற்றது. அரண்மனையை அடுத்திருந்த ஸ்ரீசண்பேத் கோயிலிலே மணிவடிவில் நிற்கும் மூன்று தூபிகள் இலங்கைப் பாணியின என்பர். கடன் வாங்கியவர் அதனைத் திருப்பித் தந்தனர் என்றே கொள்ளலாம்.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். உபாலி தேரர் கண்டியில் உபசம்பதை வழங்கியது 1753. அயுத்தியா எரிந்தது 1767. இடையே பதினான்கு ஆண்டுகளே. அத்தூது சிறிது காலம் தாழ்த்திருப்பின், கேட்பதற்கு ஓர் அரசவையே அங்கு இருந்திராது.

வடபுறத்தே, பழைய அரண்மனைக்கு எதிர்க்கரையில், தீயினின்றும் தப்பிய நபிராமேன் கோயிலைக் கடந்து, புறப்பட்ட துறைக்கு மீள்கின்றோம். அங்குள்ள கருங்கற் புத்தர் சிலையொன்று இலங்கையிலிருந்து வந்ததாக மரபு கூறும். கலையாராய்ச்சியாளரோ அது துவாரவதிக் காலத்துச் சிற்பம் என்பர்.

நேயர்களே, நகர் வீழ்ந்தபின் அதன் செங்கற்களைப் பெயர்த்துப் படகிலேற்றி, இதே ஆற்றின் வழியே கொண்டுசென்று புதிய தலைநகரான பாங்கொக்கைக் கட்டினர். அந்நகரின் நீண்ட முழுப்பெயரிலே அயுத்தியா என்ற சொல் இன்றும் அடங்கியுள்ளது. மதிலுக்குள்ளே அயுத்தியா பூட்டிவைத்த பொன்னும் சுவடியும் தீயிற் போயின. ஆற்றின் வழியே அது பிறருக்கு அனுப்பிய துறவு மரபோ, இருநூற்றெழுபது ஆண்டுகளின் பின்னும் நம் மலைநாட்டு விகாரைகளில் நிலைபெற்றிருக்கின்றது. தன்னிடம் வைத்துக்கொண்டதை இழந்து, கொடுத்ததனால் வாழ்கின்றது அந்நகர். அங்கே செல்லும் வாய்ப்புப் பெறுவோர் தம்மாராமத்துப் படித்துறையிலே சிறிது நேரம் இறங்கி நிற்பீர்களாக.