அயலாரே முதல் உறவினர்

(பண்ணைப்புரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று எனக்குக் குறிக்கப்பட்ட விஷயம், ஆபத்துக் காலத்தில் அண்டை அயலார் கடமை என்பது. நம் பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேவாரத்திற்கும் கோம்பைக்கும் நடுவே அமைந்த ஊர். மலை நமக்கு மழை தருகிறது. மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்கள் இப்பக்கத்தார் பலருக்குக் கூலி தருகின்றன. அம்மலையே சில வேளைகளில் நெருப்பையும் வெள்ளத்தையும் மண்சரிவையும் காட்ட வல்லது. ஆதலின் இவ்விஷயம் நமக்குப் பிறர் கதையன்று.

2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி, நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேற வந்திருந்தோர் அதிற் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். சர்க்கார் படையினரும் ஹெலிகாப்டர்களும் வந்து சேருமுன் மேலே ஏறியவர் யாவர்? அப்பக்கத்துக் கிராமத்தாரும் மலைவாழ் மக்களுமே. துணியை டோலியாகக் கட்டிக் காயமடைந்தோரைச் சுமந்து இறக்கினார்கள். சுமக்கப்படுகிறவர் எவ்வூரார், எக்குலத்தார் என்று விசாரிக்க அங்கே எவருக்கு அவகாசம் இருந்திருக்கும்?

நிற்க. உயிரைக் காப்பது ஒரு நாளைய வேலை; குடும்பத்தை மறுபடி நிலைநிறுத்துவதோ பல மாதத்து வேலை. இவ்விரண்டாவது வேலையிலேதான் அயலாரின் குணம் விளங்கும்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கியது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர். அன்று கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், சுற்றுப்புறத்து மீனவக் குப்பங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த ஜனங்களை ஏற்றுக்கொண்டவர்கள் அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத்தார். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிந்துக்கள். அவர்களுக்குத் தங்க இடம் தந்து, நாள்தோறும் உலை வைத்துச் சோறிட்டார்கள். பள்ளிவாசலுக்குரிய சங்கமொன்று தன் அங்கத்தினரல்லாதாரைத் தன் விருந்தினராக்கிக்கொண்டது. அதனால் அச்சங்கத்தின் பெருமை குறைந்ததோ? இன்றளவும் அப்பேட்டையின் பெயரை நாம் மதிப்போடு சொல்லுவதற்கு அதுவே காரணமாயிற்று.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அதை மறைப்பது தகாது. அதே பேரிடரில், கரையோரத்துச் சில இடங்களில் தாழ்த்தப்பட்டோர் பொது முகாமில் சமமாக நடத்தப்படவில்லை. படகும் வலையும் இழந்தவர் பெயர் முதலில் ஜாபிதாவில் ஏறியது. படகில்லாத கூலிக்காரர், உப்பளத்து வேலையாட்கள், இருளர் முதலியோர் பெயர் பின்தங்கியது. அலை எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அரிசி அளந்த கை பிரித்துப் பார்த்தது. ஜாதியின் பெயரால் சங்கம் வைத்திருக்கும் நாம், எல்லாரினும் அதிகமாக அஞ்ச வேண்டியது இந்தப் பழிக்கே.

"நிதி நம்மவர் கொடுத்த சந்தா, அதை மற்றவருக்கு ஏன் ஈவது?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடை கூறுகிறேன். ஒரு தெருவில் ஒரு வீடு மாத்திரம் தனியே தழைக்க முடியாது. தோட்டக்காரருக்குக் கூலியாள் வேண்டும். கூலியாளுக்குத் தோட்டம் வேண்டும். கிணறு கெட்டால் தெரு முழுவதற்கும் நோய். தச்சருடைய உளியும் வாளும் வெள்ளத்தில் போய்விட்டால் நம் வீட்டுக் கதவை யார் பூட்டுவார்? அயலாரைத் தூக்கி நிறுத்தாமல் நம்மவரை நிறுத்துவது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுவது போலாகும்.

மேலும், இன்று ஈபவர் நாளைக்கும் ஈபவராகவே இருப்பார் என்பது நிச்சயமில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து, நம் அண்டை இடுக்கி மலைகள் பல இடங்களில் சரிந்தன. தமிழ்நாட்டார் உணவுப் பண்டமும் துணியும் மருந்தும் அனுப்பினர். அவ்வருஷமே நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யப் பக்கம் கரையேறிக் காவிரிப் படுகையைச் சூறையாடியது. அப்போது கேரளத்து மின்வாரியத் தொழிலாளர் இங்கே வந்து, மின்கம்பம் நாட்டும் வேலைக்குத் தோள் கொடுத்தனர். கொடுத்த கை வாங்கும் கையாவதற்கு மூன்று மாதமே போதுமானதாயிற்று.

கஜா சாய்த்த தென்னைகள் பல லட்சம். அவற்றிற்கு ஈடாக நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் செல்லும். சோற்றுப் பொட்டலமோ ஆறேழு நாளில் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் குடும்பத்தைத் தாங்குவது யார்? கடன் கேட்டு நெருக்காத கடைக்காரர், தம் மாட்டை உழவுக்கு அனுப்பும் பக்கத்து நிலத்தார், பிள்ளைகளைத் தம் வீட்டில் படிக்கவிடும் அடுத்த வீட்டம்மாள் ஆகிய இவர்களே. இவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

ஆகவே நமது சங்கத்தார் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

ஒன்று: ஊருக்கு ஆபத்து நேர்ந்தால், நம் உதவி ஜாபிதா அங்கத்தினர் புஸ்தகத்தைப் பார்த்து எழுதப்படாமல், தெருத் தெருவாய், வீடு வீடாய், நஷ்டத்தின் அளவு பார்த்து எழுதப்படவேண்டும். மற்றச் சமூகத்துப் பெரியோரையும் உடன் அழைத்துக்கொண்டே எழுதவேண்டும்.

இரண்டு: சேரும் நிதியில் மூன்றில் ஒரு பங்கை முதல் மாதத்தில் தொடாமல் வைத்திருந்து, கருவிகள், கறவைகள், வீட்டுக் கூரை, பள்ளிப் புஸ்தகம் ஆகியவற்றிற்குப் பின்னர் செலவிடவேண்டும்.

மூன்று: முதியோரும் நோயாளரும் கர்ப்பிணிகளும் எவ்வீடுகளில் உள்ளனர், மழைக்காலத்தில் எவ்வழியாக அவர்களை அழைத்துவருவது என்பதை நம் இளைஞர்கள் இப்போதே அறிந்து வைத்திருக்கவேண்டும். ஓடையில் நீர் ஏறிய பிறகு விசாரித்தல் பயனற்றது.

உறவினர் மதுரையிலும் சென்னையிலும் இருக்கலாம். செய்தி கேட்டுப் புறப்பட்டு வந்து சேர ஒரு பகலாகும். சுவருக்கு அப்பாலுள்ளவர் கூப்பிட்ட குரலுக்கு வருவார். அவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவராயினும், அந்த நாழிகையில் அவரே நமக்குச் சுற்றத்தார். இம்மூன்றையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு வேண்டி, என் சொற்களை முடித்துக்கொள்ளுகிறேன்.